உங்களுக்குத் தெரியுமா? மிச்சமாகிற அரிசிப் பணம் எங்கே போகிறது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். தக்காளி, வெங்காயம், கடலைப் பருப்பு என்று மளிகைச் சாமான் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் மேலே வருகிறது. வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் விலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏற்காட்டையும் தாண்டித் தலைச்சோலை மாதிரி ஊர்களுக்குப் போனால் அதற்கு மேல் இன்னொரு வாடகை. ஆனால் அதே வளைவுகளில் ஏறியும் ஒரு பைசாகூட விலை ஏறாத சரக்கு ரேஷன் மூட்டை. சென்னை தியாகராய நகரில் ரேஷன் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய் என்றால், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் கடைசி வீட்டுக்கும் 30 ரூபாய்தான்.

★

தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி ஒரே நாளில் இலவசமாகிவிடவில்லை. 1967 தேர்தலில் தி.மு.க. ‘ரூபாய்க்கு மூன்று படி’ என்றது. ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ‘ரூபாய்க்கு ஒரு படி’ என்று தொடங்கிவைத்தார் அண்ணா. (இன்றைக்கு ரேஷன் புகாருக்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் 1967. தற்செயல்தான், ஆனாலும் மறக்காமலிருக்க நல்ல வழி.) 2006 ஜூனில் கிலோ 2 ரூபாய், 2008 செப்டம்பரில் 1 ரூபாய், 2011 ஜூன் 1 முதல் இலவசம்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. ஒரு ரூபாய் அரிசி இலவசமானபோது, 20 கிலோ வாங்கும் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு மிச்சமானது? வெறும் 20 ரூபாய். மேடையில் அது பெரிய செய்தி. மளிகைக் கணக்கில் ஒரு டீயும் வடையும். வெளிச்சந்தை விலைக்கும் ரேஷன் விலைக்கும் இடையில் இருந்த பெரிய பள்ளத்தை அதற்கு முன்பே அரசு நிரப்பிவிட்டிருந்தது.

★

நாலு பேர் கொண்ட ஒரு அரிசிக் கார்டு குடும்பத்துக்கு ரேஷன் கடையால் மாதம் எவ்வளவு மிச்சம்? நீங்களே போட்டுப் பாருங்கள். 20 கிலோ அரிசியை வெளியில் கிலோ 40 ரூபாய்க்கு வாங்கினால் 800. துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய். வெளியில் 150 என்று வைத்தால் மிச்சம் 120. பாமாயில் ஒரு பாக்கெட் 25 ரூபாய். வெளியில் 120 என்றால் மிச்சம் 95. சர்க்கரை 2 கிலோ, கிலோ 25 ரூபாய். வெளியில் 45 என்றால் மிச்சம் 40. மொத்தம் 1,055 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டால் முன்னே பின்னே வரும். ‘ரேஷன் அரிசியை யார் சாப்பிடுகிறார்கள்’ என்று உதட்டைச் சுழிக்கிறவர்கள், பருப்பு வருகிற நாளில் கடை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்க்க வேண்டும்.

பருப்பும் பாமாயிலும் ரேஷனுக்குள் வந்தது 2007-இல், சிறப்புப் பொது விநியோகத் திட்டம் என்ற பெயரில். வீட்டுச் செலவைப் பொறுத்தவரை அரிசியைவிட இது புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பது என் கட்சி. அரிசி விலை நிதானமாக நகரும். பருப்பு விலை திடீரென்று எகிறும். 2015-இல் வெளிச்சந்தையில் துவரம் பருப்பு 200 ரூபாயைத் தொட்டது. அப்போதும் ரேஷனில் 30 ரூபாய்தான்.

★

வருமானம் கூடக் கூட, மொத்தச் செலவில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறையும். 1857-இல் இதைக் கணக்குப் போட்டுச் சொன்னவர் எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர். (காரல் மார்க்ஸின் தோழர் ஏங்கல்ஸ் வேறு ஆள்.) இந்தியக் கிராமங்களில் 1999-2000-இல் குடும்பச் செலவில் 59 சதவீதம் சாப்பாட்டுக்குப் போனது; 2023-24 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் 47 சதவீதம்.

சாப்பாட்டுக்குள்ளேயே நடந்த மாற்றம்தான் இன்னும் சுவாரசியம். அரிசி, கோதுமை உள்ளிட்ட தானியங்களுக்குக் கிராமக் குடும்பங்கள் செலவிட்டது 1999-2000-இல் மொத்தச் செலவில் 22 சதவீதம். 2023-24-இல் ஏறத்தாழ 5. டீ, காபி, பிஸ்கட், பரோட்டா, பொட்டலத் தீனி வகையறாவுக்குப் போவது 9.84 சதவீதம், அதாவது தானியத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதற்கு ரேஷன் மட்டுமே காரணம் இல்லை. கூலி உயர்ந்ததும் பழக்கம் மாறியதும் உண்டு. ஆனால் அரிசிக்குப் பணம் வேண்டாம் என்றானபின், கையில் நிற்கிற காசு கடைத்தெருவில் எதைப் பார்க்கும் என்பதற்கு இது ஒரு தடயம்.

★

அதே 2023-24 கணக்கெடுப்பில் கிராமத்து ஆள் ஒருவரின் சராசரி மாதச் செலவு 4,122 ரூபாய். இலவசமாகக் கிடைத்தவற்றுக்கும் ஒரு விலை போட்டுச் சேர்த்தால் 4,247. இடையில் இருக்கும் 125 ரூபாயில் ரேஷன் தானியம் மட்டுமல்ல, இலவசச் சைக்கிள், மடிக்கணினி, பள்ளிச் சீருடைகூட அடக்கம். தமிழ்நாட்டுக் கிராமங்களின் சராசரி, இலவசங்களைச் சேர்க்காமலே 5,701 ரூபாய்.

சராசரி என்பது பணக்காரரையும் உள்ளடக்கியது என்பதை மறக்க வேண்டாம். காபி எஸ்டேட் கூலிக் குடும்பத்தில் ரேஷன் மூட்டையின் கனம் இதைவிடப் பல மடங்கு. பொருளியலாளர்கள் ஜான் த்ரேஸும் ரீத்திகா கேராவும் 2009-10 புள்ளிவிவரத்தை வைத்து இதை அளந்தார்கள். ஏழைக் குடும்பங்கள் வறுமைக் கோட்டுக்கு எவ்வளவு கீழே கிடக்கின்றன என்ற பள்ளத்தை, இந்திய அளவில் ரேஷன் 18 முதல் 22 சதவீதம் வரை நிரப்பியது. தமிழ்நாட்டுக் கிராமங்களில்? 61 முதல் 83 சதவீதம். அப்போது இங்கே அரிசி கிலோ ஒரு ரூபாய்.

★

அமெரிக்காவில் உணவுக் கூப்பன் முதன்முதலில் கொடுக்கப்பட்டது 1939 மே மாதம், நியூயார்க் மாநிலத்தின் ராச்சஸ்டர் நகரில். ஒரு டாலருக்கு ஆரஞ்சு நிறக் கூப்பன் வாங்கினால் 50 சென்ட்டுக்கு நீல நிறக் கூப்பன் இனாம். ஆரஞ்சுக்கு எந்தச் சாப்பாட்டுப் பொருளும் வாங்கலாம். நீலத்துக்கு, விளைந்து தேங்கிக் கிடந்த பண்டங்கள் மட்டும். ஏழையின் பசியும் தீர வேண்டும், விவசாயியின் கிடங்கும் காலியாக வேண்டும் என்ற ஒரே கல்லில் இரண்டு மாங்காய்க் கணக்கு. நம் ஊரில் நெல் கொள்முதலும் ரேஷன் கடையும் கைகோத்திருப்பதும் அதே கணக்குதான்.

★

உணவாகக் கொடுத்தாலும் பணமாகக் கொடுத்தாலும் குடும்பச் செலவு ஒன்றுபோலத்தான் மாறும் என்று 1945-லேயே வாதிட்டார் ஹெர்மன் சவுத்வொர்த் என்ற பொருளியலாளர். மாதம் 30 கிலோ அரிசி சாப்பிடும் வீட்டுக்கு 20 கிலோ இலவசமாகக் கொடுத்தால், அவர்கள் 50 கிலோவா சாப்பிடப் போகிறார்கள்? 10 கிலோவை மட்டும் வெளியில் வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தை மீனுக்கோ, பிள்ளையின் செருப்புக்கோ, பீடிக்கோ செலவிடுவார்கள். ஆகவே அரிசியும் பணமும் ஒன்றே என்பது அவர் கட்சி.

வாதம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடு அப்படி நடப்பதில்லை. ஜஸ்டின் ஹேஸ்டிங்ஸ், ஜெஸ்ஸி ஷப்பீரோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு பெரிய மளிகைக் கடைத் தொடரின் பில்களை ஆண்டுக்கணக்கில் தோண்டிப் பார்த்து 2018-இல் எழுதினார்கள். உணவு உதவியாக 100 டாலர் கிடைத்தால் மளிகைச் செலவு 50 முதல் 60 டாலர் வரை கூடுகிறது. அதே 100 டாலர் ரொக்கமாக வந்தால் பத்து டாலர்கூடக் கூடுவதில்லை. காசு ஒன்றுதான் என்றாலும், மனம் அதற்கு ஒரு பெயர் எழுதி வைத்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 முதல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் விழுகிறது. நாம் மேலே போட்ட ரேஷன் மிச்சமும் கிட்டத்தட்ட அதே ஆயிரம். இரண்டும் ஒரே தொகை. ஆனால் ஒன்று சாக்குப் பையில் வருகிறது, மற்றது கைப்பேசியில் குறுஞ்செய்தியாக வருகிறது. குழுக் கடன் தவணைக்குப் போகும் பணம் எது, உலைக்குப் போகும் சாமான் எது என்று எந்த அம்மாவைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்.

★

பணமாகவே கொடுத்துவிடலாமே என்று பக்கத்திலேயே ஒரு ஊர் செய்து பார்த்தது. புதுச்சேரியில் 2015 செப்டம்பரில் உணவு மானியத்தை வங்கிக் கணக்கில் போடத் தொடங்கினார்கள். காலப்போக்கில் ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. அரிசி விலை ஏறும். கணக்கில் விழும் தொகை தானாக ஏறாது. ‘எங்களுக்கு அரிசியே வேண்டும்’ என்ற குரல் அடங்கவே இல்லை. கடைசியில் 2024 தீபாவளியை ஒட்டி அங்கே ரேஷன் கடைகள் மறுபடி திறந்தன.

இலங்கையில் இதே பாடம் இன்னும் முன்பே. அங்கே அரிசிப் பங்கீடு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்தது. 1953-இல் மானியத்தை வெட்டி ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதம் ஆனபோது நாடே ஹர்த்தாலில் இறங்கியது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பிறகு 1979-இல் அரிசிக்குப் பதில் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே நின்றது, விலைவாசி நிற்கவில்லை. சில ஆண்டுகளிலேயே அதை வைத்து வாங்க முடிந்த அரிசி வெகுவாகச் சுருங்கிப்போனது.

★

சேர்வராயன் மலையின் பழங்குடி மக்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் அல்லர், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் வழிவழிக் கதையில் சொல்லிக்கொள்ளும் தமிழர்கள். கொல்லிமலை, கல்வராயன், பச்சைமலை, ஜவ்வாது என்று கிழக்குத் தொடர்ச்சி மலைகள் நெடுகப் பரவி வாழ்கிறார்கள். இவர்களின் பழைய சாப்பாடு சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும். நெல்லுச் சோறு விருந்து நாளுக்கு.

இன்றைக்கு அந்தப் பானையில் பெரும்பாலும் ரேஷன் அரிசி. இலவச அரிசி சிறுதானியத்தைத் தள்ளிவிடுமா என்பது வெறும் சந்தேகம் அல்ல. நீரஜ் கௌஷல், ஃபீலிக்ஸ் முச்சோம்பா என்ற இருவர் இந்தியக் குடும்பங்களின் ரேஷன் மானியம் கூடியபோது என்ன நடந்தது என்று ஆராய்ந்து 2015-இல் எழுதினார்கள். அரிசியும் கோதுமையும் சாப்பிடுவது கூடியது. மானியமில்லாத சிறுதானியம் குறைந்தது. மொத்தச் சத்து கூடியதாகத் தெரியவில்லை. சீனாவில் ராபர்ட் ஜென்சன், நோலன் மில்லர் நடத்திய சோதனை இன்னும் விசித்திரம். ஹூனான் மாகாணத்து ஏழைகளுக்கு அரிசியை மலிவாகக் கொடுத்தபோது அவர்கள் அரிசியைக் குறைத்துக்கொண்டார்கள்! மிச்சமான காசில் நாக்குக்கு ருசியான வேறு பண்டம் வாங்கினார்கள். அங்கேயும் சத்து கூடவில்லை.

மலையில் சாமை குறைந்ததற்குப் பழியை ரேஷன் மூட்டையின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. சாமையை உரலில் போட்டுக் குத்தி, உமி நீக்கி, புடைத்து எடுப்பது பெண்களின் இடுப்பொடிக்கும் வேலை. எஸ்டேட்டில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவர் எதற்காக அதைச் செய்ய வேண்டும்? கழுவி உலையில் போடலாம் என்று அரிசி கையில் இருக்கிறதே. பக்கத்துக் கொல்லிமலையில் சாமைக் காட்டைப் பெருமளவு தின்றது மரவள்ளிக் கிழங்கு. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் அதற்குக் காசு கொடுத்தன. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியத்தை மீட்கப் போனபோது, அரவை இயந்திரத்தையும் கொண்டுபோக வேண்டியிருந்தது. சரியான இடத்தில் கைவைத்தார்கள்.

சிறுதானியம் குறைந்ததற்கு அரசின் பதில் 2023 மே மாதம் வந்தது. தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில், விரும்பும் கார்டுதாரர்களுக்கு 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு. அந்த முதல் பட்டியலில் சேலம் மாவட்டம் இல்லை. கேழ்வரகைத் தலைமுறை தலைமுறையாகத் தின்று வளர்ந்த சேர்வராயன் மலையை விட்டுவிட்டு, ஊட்டி டவுனில் கேழ்வரகு கொடுப்பது என்ன கணக்கோ! மலைக்காரர்களிடமே சாமையை நல்ல விலைக்கு வாங்கி, அரைத்து, அதே மலையின் ரேஷன் கடையில் கொடுத்தால் வருமானமும் அவர்களுக்கு, சோறும் அவர்களுக்கு.

★

ரேஷன் கடை இருப்பதால் பக்கத்து மளிகைக் கடைக்காரரின் விலையும் அடங்கி நிற்கும் என்பது தெரியுமா? மெக்சிகோவின் தென்பகுதியில் ஏறத்தாழ 200 கிராமங்களில் இதைச் சோதித்தார்கள். சில ஊர்களுக்குப் பெட்டியில் மளிகைச் சாமான், சிலவற்றுக்கு ரொக்கம், மீதிக்கு ஒன்றுமில்லை. ரொக்கம் போன ஊர்களோடு ஒப்பிட்டால், பெட்டி போன ஊர்களில் உணவுப் பொருள்களின் கடை விலை குறைவாக இருந்தது. போக்குவரத்து குறைந்த, ஒதுக்குப்புறக் கிராமங்களில் இந்த வித்தியாசம் இன்னும் கூடுதல். சிறிய ஊரில் கடை ஒன்றோ இரண்டோதான். எல்லார் கையிலும் ரொக்கம் வந்தால் விலை சொல்வது கடைக்காரர் பாடு. வெளியிலிருந்து மூட்டை வந்து இறங்கினால் அவர் வாய் அடங்கும். மலை ஊர்களுக்குப் பணத்தைவிடப் பண்டம் நல்லது என்று சொல்ல எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான்.

மலைப்பகுதிகளில் ரேஷன் கடை நடத்துவதில் ‘லேம்ப்’ என்கிற பெரும்பலநோக்குப் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பங்குண்டு. கடன், உரம், விளைபொருள் விற்பனை, ரேஷன் எல்லாம் ஒரே கூரையின்கீழ் என்பது அந்த ஏற்பாட்டின் யோசனை.

★

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காபிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து மலையின் வருமானம் காபியின் காலண்டரைப் பார்த்துத்தான் ஓடுகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் பறிப்பு; அதை ஒட்டியே மிளகு. அப்போது கையில் காசு புரளும். மழைக்காலத்தில் வேலை மெலியும். கடைக்காரரின் கடன் நோட்டில் பக்கம் கூடும். ரேஷன் மூட்டை மட்டும் பறிப்புக் காலத்திலும் அதே 20 கிலோ, வெறும் காலத்திலும் அதே 20 கிலோ. ஆண்டு முழுக்க ஒரே அளவு என்றாலும் ஆகஸ்டில் அதன் மதிப்பு வேறு.

★

அமெரிக்காவில் உணவு உதவி மாதம் ஒருமுறை மொத்தமாகக் கிடைக்கும். கிடைத்த நாளிலிருந்து மாதக் கடைசிக்குள் பயனாளிகள் உண்ணும் கலோரி 10 முதல் 15 சதவீதம் வரை குறைகிறது என்று 2005-இல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. நம் வீடுகளில் அரிசிப் பானை 25-ஆம் தேதியும் வற்றுவதில்லை. வற்றுவது காய்கறிக் கூடை.

★

2022 செப்டம்பர் 15-இல் 1,545 பள்ளிகளில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. மதியச் சாப்பாடு காமராஜர் காலத்திலேயே வந்துவிட்டது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதை விரித்தார். ஆக, பள்ளி நாளில் குழந்தையின் இரண்டு வேளைச் சாப்பாடு வீட்டுக் கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது. இருட்டு பிரியுமுன் எஸ்டேட்டுக்குக் கிளம்பும் தாய்க்கு இதில் மிச்சமாவது ரவையும் எண்ணெயும் மட்டுமில்லை, அரை மணி நேரத் தூக்கமும்தான். அதற்கு எந்தக் கணக்கெடுப்பிலும் பத்தி கிடையாது.

★

ரேஷன் அரிசியில் கொஞ்சம் மஞ்சளாக, தண்ணீரில் மிதப்பதாகத் தெரியும் மணிகளைப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிகிறீர்களா? அவை இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட மணிகள். 100 கிலோ அரிசிக்கு ஒரு கிலோ என்பது கலவைக் கணக்கு. காசு கொடுத்து வாங்கும் சத்து மாத்திரையை இலவசமாகத் தந்தால் நாம் முறத்தில் புடைத்து வெளியே தள்ளுகிறோம். தலசீமியா, சிக்கிள் செல் நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

★

இலவச அரிசிக்கும் ஒரு விலை உண்டு: கடைக்கு நடக்கும் தூரம். போன அன்றைக்குப் பருப்பு வரவில்லை என்றால் மறுபடி ஒரு நடை. நடை ஒன்றுக்கு அரை நாள் கூலி போனால், பருப்பில் மிச்சமான பணம் வழியிலேயே கரைந்துவிடும். இதைக் குறைக்கத்தான் 2020 செப்டம்பரில் 3,501 நகரும் நியாய விலைக் கடைகளை அரசு அறிவித்துத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டம், முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் சாமானை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. காபியும் மிளகும் பறித்துப் பறித்து விரல் ரேகை தேய்ந்த கைகளை மெஷின் ஏற்காமல் திருப்பி அனுப்பிய தொல்லைக்கு, கண் கருவிழியைப் படிக்கும் கருவி 2023 முதல் வந்துகொண்டிருக்கிறது.

★

கடைக்கு நடக்குமுன் சரக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கார்டில் பதிவு செய்த கைப்பேசியிலிருந்து PDS என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு 101 சேர்த்து 97739 04050 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் இருப்பு விவரம் வரும். 102 என்று அனுப்பினால் கடை திறந்திருக்கிறதா என்பது தெரியும். வாங்காத பொருளுக்கு பில் வந்திருந்தால் 107. மலையில் சிக்னல் கிடைக்கும் மேட்டை மட்டும் நீங்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.